வந்த செய்திக்கு ஒரு நெல்லிக்காய்

ஒரு காட்டில் ஒரு புலியும் ஒரு செல்போன் கம்பெனியும் இருந்தன. புலி வாரத்துக்கு ஒருவரை முழுதாகச் சாப்பிட்டது. கம்பெனி எல்லோரையும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டது. இரண்டில் எது தேவலை என்று ஓடைக்கரையில் தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் நெடுநாளாக விவாதித்து வந்தார்கள். முடிவு எட்டப்படவில்லை.

கம்பெனியின் முதலாளி வீராச்சாமி என்ற கழுதைப்புலி. அவர் வருவதற்கு முன்னால் அந்தக் காட்டில் எச்சரிக்கை வேலையைப் பார்த்து வந்தவர் சிங்காரம் என்ற கருமந்தி. காட்டிலேயே உயரமான மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பார். புலி கண்ணில் பட்டதும், "பெரியவரு வர்றாருடோய்!" என்று கத்துவார். புலியைப் புலி என்று சொல்லும் துணிச்சல் அங்கே யாருக்கும் இல்லை என்பதால் 'பெரியவர்' என்பதே வழக்கம். கத்தல் இலவசம். ஆனாலும் புகார்கள் இருந்தன. மத்தியானத் தூக்கம் கெடுகிறது என்றார்கள் காட்டுப்பன்றிகள். எந்தத் திசை என்று தெளிவாகச் சொல்வதில்லை என்றன மான்கள். அந்தக் குரலில் நயமே இல்லை என்றார் மயில் அழகேசன்.

வீராச்சாமி வந்து ஒரு கோபுரம் நட்டார். ஆளுக்கொரு போனைச் சும்மா கொடுத்தார். சிங்காரத்தோடு ஐந்து வருட ஒப்பந்தம் போட்டார். அவர் இனி வாயைத் திறக்கக்கூடாது; பார்த்ததை டைப் செய்து அனுப்ப வேண்டும்; கூலி தினம் ஒரு குலை அத்திப்பழம். உண்மையைச் சொல்ல வேண்டும், சேவை நன்றாகவே இருந்தது. 'பெரியவர் ஓடைக்குக் கிழக்கே. மெதுவாக வருகிறார்' என்று துல்லியமாகச் செய்தி வந்தது. பன்றிகள் நிம்மதியாகத் தூங்கின.

நான்காவது மாதம் மருதமரத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. 'வாடிக்கையாளர்களுக்கு ஒரு நற்செய்தி. செய்தி அனுப்புவது எப்போதும் இலவசம். பெறுவதற்கு மட்டும் செய்தி ஒன்றுக்கு ஒரு நெல்லிக்காய். இருப்பு தீர்ந்தவருக்குப் பெரியவர் பற்றிய செய்தி உட்பட எதுவும் வராது.'

மரத்தடியில் கூட்டம் கூடியது. சடையாண்டி என்ற முள்ளம்பன்றி முன்னால் வந்தார். அவர் முன்னால் வந்தால் மற்றவர்கள் தாமாகவே இரண்டடி விலகுவார்கள்.

"முதலாளி, அனுப்புறவன்கிட்ட வாங்கினா அது ஒரு நியாயம். வாங்கிக்கிறவன்கிட்ட வாங்குறீங்களே?"

"அனுப்புறவனுக்கு என்னப்பா லாபம்?" என்றார் வீராச்சாமி. "தனக்குத் தெரிஞ்சதைத்தான் அனுப்புறான். வாங்கிக்கிறவனுக்குத்தானே தெரியாத விஷயம் கிடைக்குது? கிடைச்சவன் குடுக்கணும்."

"நான் கேக்கவே இல்லையே?"

"வெயிலைக் கேட்டுத்தான் வாங்குறியா?"

"வெயிலுக்கு யாரும் நெல்லிக்காய் வசூல் பண்ணலையே."

 இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்பதுபோல வீராச்சாமி சூரியனை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

கழுதைப்புலி நெல்லிக்காய் தின்னாது என்பது எல்லோருக்கும் தெரியும். வசூலானதைக் காட்டோரச் சந்தையில் விற்றுக் கருவாடு வாங்கிக்கொண்டார்.

அனுப்புவது இலவசம், வாங்குவது காசு என்று ஆனதும் காட்டில் ஒரு விஷயம் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் புரிந்துபோயிற்று. யாரையாவது பிடிக்கவில்லை என்றால் அவருக்குச் செய்தி அனுப்பினால் போதும். கிழங்குத் தகராறு ஒன்றில் காட்டுப்பன்றி ஒருவர் தன் பங்காளிக்கு ஒரே காலையில் அறுநூறு செய்திகள் அனுப்பினார். எல்லாவற்றிலும் இருந்தது 'டேய்' என்ற ஒரே சொல். பங்காளியின் இருப்பு தீர்ந்தது. மறுநாள் பெரியவர் வந்தார். செய்தி பங்காளியைத் தவிர எல்லோருக்கும் போயிற்று. துக்கத்தில் அதிகம் அழுதவர் 'டேய்' அனுப்பியவர்தான். இரங்கல் செய்தியையும் காடு முழுக்க அவரே அனுப்பினார். ஆளுக்கு ஒரு நெல்லிக்காய்.

பகையே இல்லாதவர்களுக்கு மயில் அழகேசன் இருந்தார். தினம் காலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வணக்கம் சொல்லாவிட்டால் அவருக்குத் தோகை விரியாது.

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி பொற்கொடி. சருகுமான். சருகுமான் என்றால் முயல் உயரம்தான் இருக்கும். கொம்பு கிடையாது. வேகமும் அதிகம் கிடையாது. பொற்கொடிக்கு வயிற்றில் குட்டி வேறு. பிரசவத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம். அவள் பிழைத்துக் கிடப்பதற்கு இருந்த ஒரே வழி ஒரு பாறை இடுக்கு. தீவனம் கிடைக்கிற இடத்திலிருந்து அங்கே போய்ச் சேர அவள் நடைக்குக் கால் மணி நேரம் ஆகும். ஆகவே பெரியவர் வருவது கால் மணி நேரம் முன்னதாகத் தெரிந்தாக வேண்டும். தெரிய வேண்டுமானால் போனில் ஒரு நெல்லிக்காயாவது இருக்க வேண்டும்.

அவளால் மரம் ஏற முடியாது. உதிர்ந்து கிடப்பதில் ஐந்தோ ஆறோ கிடைக்கும். வயிற்றிலிருப்பதற்குப் போட வேண்டியதைப் போனுக்குப் போட்டாள். போட்டதை 'இனிய செவ்வாய்க்கிழமை' தின்றுவிடும். கம்பெனியும் தன் பங்குக்கு ஒன்று அனுப்பும்: 'உங்கள் இருப்பு நான்கு. இந்தத் தகவலுக்கு ஒன்று. இப்போது இருப்பு மூன்று.'

வேண்டாத செய்திகளை நிறுத்தச் சொல்ல ஒரு நாள் அவள் சேவை மையத்துக்குப் போனாள். ஐந்து நெல்லிக்காய் பொறுக்கி ஏற்றிக்கொண்டு, காலையிலேயே வரிசையில் நின்றாள். வரிசை நகரவில்லை. கவுன்ட்டரில் இருந்தவர் நல்லமுத்து என்ற தேவாங்கு. இராப்பிராணியைப் பகல் ஷிப்டில் போட்டிருந்தார்கள். அவர் முத்திரையை மையில் தொட்டுத் தாளில் வைப்பதற்குள் வரிசையில் இருந்த ஈசல் ஒன்று ஆயுள் முடிந்து போயிற்று.

பொற்கொடியின் முறை வந்தபோது வெயில் தலைக்கு மேல் வந்திருந்தது.

"சொல்லுங்க தாயி."

"எனக்குப் பெரியவர் செய்தி மட்டும் வந்தா போதும் சார். மத்தது எதுவும் வேண்டாம்."

"படிவம் ஏழு." எழுதி வாங்கினார். முத்திரை குத்தினார். "புகார் பதிவாயிருச்சு. உறுதிச் செய்தி வரும்."

வந்தது. இருப்பு நான்கு.

"அது வந்துதான்னு கேட்டு ஒண்ணு வரும்."

வந்தது. மூன்று.

"நம்ம சேவை எப்படி இருந்துச்சுன்னு..."

"சார், போதும் நிறுத்துங்க!"

"நிறுத்தினா, நிறுத்தினதுக்கு ஒண்ணு வரும் தாயி."

இரண்டும் சேர்ந்தே வந்தன. இருப்பு ஒன்று.

"பதட்டப்படாதீங்க. இந்த ஒண்ணு பெரியவருக்கு இருக்கட்டும்," என்றார் நல்லமுத்து ஆதரவாக. அவர் சொல்லி முடிக்கவும் போன் கிணுங்கியது. 'மேகமூட்டமான இந்த நாள் உங்களுக்கு மகிழ்ச்சியாக அமையட்டும். அன்புடன், அழகேசன்.'

வானத்தில் மேகமே இல்லை.

பொற்கொடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வரிசையில் அடுத்து நின்றவர் சடையாண்டி. அவர் தன் பையிலிருந்து இரண்டு நெல்லிக்காயை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்து, "இது தங்கச்சி கணக்குல ஏத்துங்க" என்றார். பிறகு அவளிடம், "அழாதே தாயி. வயித்துப் பிள்ளைக்காரி அழக்கூடாது," என்றார்.

"அழலைண்ணே. யோசிக்கிறேன்." அவள் கவுன்ட்டரை நிமிர்ந்து பார்த்தாள். "சார், பெரியவருக்கும் போன் இருக்கா?"

"இருக்கு. திறப்பு விழாவில போட்டோவுக்காக முதலாளி குடுத்தாரு. கழுத்துலயே மாட்டியிருக்காரு. அவருக்கு போஸ்ட்பெய்ட். மாசக் கடைசியில பில்லு போகும்."

"எவ்வளவு வரும்?"

"இதுவரைக்கும் பூஜ்யம்தான். அவருக்கு யார் தாயி செய்தி அனுப்புறா?"

சடையாண்டியும் பொற்கொடியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவரு நம்பர் என்ன?" என்றார் சடையாண்டி.

"வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது," என்று கண்டிப்பாகச் சொன்ன நல்லமுத்து, மேசைமேல் திறந்து கிடந்த பதிவேட்டை மூடத் தொடங்கினார். அவர் மூடி முடிப்பதற்குள் சடையாண்டி எண்ணை இரண்டு தடவை எழுதிச் சரிபார்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே எண் காடு முழுக்கப் பரவிவிட்டது. திட்டம் எளிமையானது. இனி எல்லோரும் எல்லாவற்றையும் பெரியவருக்கே அனுப்ப வேண்டும். பில் அவர் தலையில் விழும். கட்டணத்தின் கொடுமை அவருக்குப் புரியும். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். பன்றிகள் அனுப்பின. மான்கள் அனுப்பின. அணில்கள் ஒரு செய்தியை நான்காகக் கடித்து அனுப்பின. தனக்குப் புதிதாக ஒரு வாசகர் கிடைத்ததில் அழகேசனுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லி மாளாது. மற்றவர்களை மறந்து, பெரியவருக்கே மணிக்கொரு வணக்கம் என்று வைத்துக்கொண்டார்.

எதிர்பாராத ஒரு நன்மையும் விளைந்தது. பெரியவர் புதரில் பதுங்கி, மூச்சை அடக்கி, பாயப் போகிற நேரத்தில் கழுத்தில் போன் கிணுங்கியது. இரை ஓடிவிட்டது. கிணுங்கலே காட்டிக்கொடுத்துவிட்டதால் சிங்காரமும் எச்சரிக்கை எதுவும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. ஒன்பது நாட்கள் காட்டில் ஒருவரும் சாகவில்லை. எல்லோரும் பெரியவருக்கு அனுப்புவதிலேயே மும்முரமாக இருந்ததால் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ள நேரமும் இல்லை. பொற்கொடியின் இருப்பு ஒன்பது நாளும் இரண்டிலேயே நின்றது. பொறுக்கிய நெல்லிக்காயை அவளே தின்றாள். வயிற்றுக் குட்டி முதல் தடவையாக உதைத்தது.

மாதக் கடைசியில் பில் போயிற்று. மறுநாள் காலை பெரியவர் சேவை மையத்துக்கு வந்தார்.

டோக்கன் எடுத்தார். எண் நாற்பத்தேழு. முன்னால் இருந்த நாற்பத்தாறு பேரும், "நீங்க போங்கய்யா, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று மனமுவந்து இடம் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு ஊருக்கே போய்விட்டார்கள். நல்லமுத்துவும் ஓடத் தொடங்கினார். ஆனால் பேச்சு முழுவதும் நடந்து முடிந்த பிறகும் அவர் வாசற்படியைத் தாண்டியிருக்கவில்லை. உள்ளே நடந்தது வெளியே தெரிந்தது அவர் மூலமாகத்தான்.

"வீராச்சாமி, இது என்னய்யா?" என்றிருக்கிறார் பெரியவர்.

"பில்லுங்க ஐயா."

"நாப்பத்தோராயிரம் நெல்லிக்காய். எனக்கு நெல்லிக்காய் எந்த மரத்துல காய்க்கும்னே தெரியாது."

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களே." வீராச்சாமி தன் வாழ்நாளில் பேசிய துணிச்சலான வாக்கியம் அது ஒன்றுதான்.

"நான் சாப்பிட்டு ஒன்பது நாளாச்சு. இந்த அறையில உன்னைத் தவிர வேற ஆள் இல்லை."

"ஐயா, என் கறி நாறும்."

"தெரியும். அதனாலதான் இன்னும் பேசிட்டிருக்கேன்."

இதற்குப் பிறகு குரல் தாழ்ந்துவிட்டது என்றும், கடைசியில் இருவரும் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது என்றும் நல்லமுத்து சொன்னார்.

மறுநாள் மருதமரத்தில் புதிய அறிவிப்பு. 'வாடிக்கையாளர்களின் கோரிக்கையை ஏற்று, இன்று முதல் செய்தி பெறுவதும் இலவசம்.'

காடு கொண்டாடியது. பொற்கொடிக்குக் காட்டு மல்லிகையில் மாலை போட்டார்கள். மாலை அவளைவிடப் பெரிதாக இருந்தது. சடையாண்டி ஒற்றுமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அணைத்துப் பாராட்ட யாரும் முன்வரவில்லை என்பது மட்டும்தான் அவருக்குக் குறை. அறிவிப்பின் அடியில் சிறிய எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. 'நிர்வாகச் சீரமைப்பின்படி, எச்சரிக்கைச் செய்திகளை இனிப் பெரியவரே நேரடியாக அனுப்புவார்.'

அதைப் படித்தவள் பொற்கொடி மட்டும்தான். மரத்திலிருந்து மூட்டையோடு இறங்கி வந்துகொண்டிருந்த சிங்காரத்தை அவள் நிறுத்தினாள்.

"என்னண்ணே, வேலை போயிருச்சா?"

"போயிருச்சு தங்கச்சி. பெரியவர் எங்கே இருக்காருன்னு பெரியவருக்குத்தானே நல்லாத் தெரியும், நடுவுல நீ எதுக்குன்னு கேக்குறாரு முதலாளி. யோசிச்சுப் பார்த்தா அதுவும் சரியாத்தான் இருக்கு."

"அப்ப பழையபடி கத்தலாமேண்ணே?"

"ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு வருஷத்துக்கு மேல இருக்கும்மா. வேலைதான் போச்சு. வாயைத் திறக்கக்கூடாதுங்கிறது போகலை. இப்ப பேசினதே தப்பு." சிங்காரம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நடந்தார்.

மறுநாள் விடிந்ததும் எல்லோருடைய போன்களும் ஒன்றாகக் கிணுங்கின. 'அன்பு நண்பர்களே, இனிய காலை வணக்கம். பெரியவர் வடக்கு மேட்டில் இருக்கிறார். அனைவரும் உடனே தெற்கே ஓடைப் பள்ளத்துக்குச் செல்லவும். நெரிசல் வேண்டாம். இளம் வயதினரை முன்னால் விடவும்.'

எவ்வளவு பொறுப்பான செய்தி என்று வியந்தபடி காடு தெற்கே ஓடியது. பொற்கொடி செய்தியை இரண்டு முறை படித்தாள். பாறை இடுக்கு இருப்பது தெற்கேதான். அவள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வடக்கு மேட்டைப் பார்த்து நடந்தாள். எதிரே சடையாண்டி ஓடி வந்தார்.

"தங்கச்சி, புத்தி கெட்டுப்போச்சா? அந்தப் பக்கம் பெரியவரு!"

"அப்படித்தான்ணே வந்திருக்கு."

"அப்புறம்?"

"ஓசியில வந்திருக்கு."

"ஓசின்னா நல்லதுதானே? நாம போராடி வாங்கினதும்மா இது!"

"ஒரு வரின்னாலும் ஒரு நெல்லிக்காய் பிடுங்கின கம்பெனிண்ணே. இன்னைக்கு நாலஞ்சு வரி அனுப்பியிருக்கு. வணக்கமெல்லாம் போட்டிருக்கு. நம்மகிட்ட எதையும் வாங்கலைன்னா, வேற யார்கிட்டயோ எதையோ வாங்குறாங்க. என்ன விக்கிறாங்கன்னுதான் யோசிக்கிறேன்."

சடையாண்டி தெற்கே பார்த்தார். வடக்கே பார்த்தார். பிறகு அவள் பின்னால் நடந்தார்.

வடக்கு மேட்டில் யாரும் இல்லை. ஈர மண்ணில் பெரியவரின் கால்தடங்கள் இருந்தன. எல்லாம் தெற்கே பார்த்துப் போயிருந்தன.

ஓடைப் பள்ளத்தில் அன்று இரண்டு பன்றிகளும் ஒரு புள்ளிமானும் போயின. அழகேசன் பறந்து தப்பினார், தோகையைக் கொடுத்துவிட்டு. பிற்பகலில் வீராச்சாமி ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். கழுதைப்புலிக்குக் கருவாடு ஒரு நெருக்கடிக்குத்தான். அதற்கு உண்மையான விருப்பம் எலும்பு.

மாலையில் உயிரோடிருந்தவர்கள் கூடைகூடையாக நெல்லிக்காயைச் சுமந்துகொண்டு சேவை மையத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். "வசூல் செய்! வசூல் செய்! பழையபடி வசூல் செய்!" என்று முழங்கினார்கள்.

நல்லமுத்து எல்லா இழுப்பறைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். "கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிப் படிவம் இருக்கு. கட்டணம் போடச் சொல்லிப் படிவம் இல்லீங்களே," என்றார்.

பொற்கொடி ஊர்வலத்துக்குப் போகவில்லை. அவள் சிங்காரத்தைத் தேடிக்கொண்டு போனாள். அவர் ஒரு அத்திமரத்தின் அடியில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்.

"அண்ணே, வாயைத் திறக்க வேண்டாம். உங்க போன் உங்ககிட்டதானே இருக்கு? மேலே ஏறிப் பார்த்து எனக்கு மட்டும் டைப் பண்ணி அனுப்புவீங்களா?"

சிங்காரத்தின் கண் கலங்கிவிட்டது. எழுந்து உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், டைப் செய்து காட்டினார். 'உனக்கு இல்லாததா தங்கச்சி? பிள்ளைத்தாச்சி. உனக்கு ஓசியிலேயே அனுப்புறேன்.'

பொற்கொடி நான்கடி பின்னால் துள்ளினாள்.

"ஐயய்யோ, வேண்டாம்ணே! அப்படியெல்லாம் சொல்லாதீங்க. செய்திக்கு ரெண்டு நெல்லிக்காய் வாங்கிக்குங்க."

சிங்காரம் அவளைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். டைப் செய்தார். 'மூணு.'

பொற்கொடிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"மூணு," என்றாள். முன்பணமாக ஒரு செய்திக்குரியதை அவர் காலடியில் எண்ணி வைத்துவிட்டு, இத்தனை நாளைக்கும் சேர்த்துத் தூங்கப் போனாள்.

நீதி: உங்களிடம் காசு பிடுங்குகிறவனை விரட்டிவிடாதீர்கள், நீங்கள் நாளைக்கும் உயிரோடு இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறவன் அவன் ஒருவன்தான்.